புள்ளியில்லாத கீமெல்

அந்தச் சனிக்கிழமை காலை யூதத் தொழுகைக்கூடத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த குழப்பம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். நடுமேடையில், திருச்சுருளைத் திறந்து வைத்துக்கொண்டு யிஹ்யே நின்றிருந்தார். அவருக்கு வலப்பக்கம் அவர் மகன் நேரியா, இரண்டாவது தடவையாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. மேடையை ஒட்டிய முதல் பெஞ்சில் சாத்யாவும் அவர் வயதொத்த கிழவர்களும். அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஓட்டுநர்கள். கதவோரம், காற்று வரும் பக்கம், இளவட்டங்கள். மாடியில் மரத்தட்டிக்குப் பின்னால் பெண்கள். அங்கே முதல் வரிசையில் நோவா, மடியில் குழந்தை. இடப்பக்கம் மாமியார் மஸல். வலப்பக்கம் ஹதேராவிலிருந்து வந்திருந்த அம்மா டோரித், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டியபடி. பின்வரிசையில் தெருப் பெண்கள், மடி நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு.

பெண் பிறந்தால் அப்பாவைச் சுருளுக்கு முன் அழைத்து, வாசிப்பவர் வாயால் பெயரை அறிவிப்பது வழக்கம். அப்படி அறிவித்த பெயர்தான் பெயர். யிஹ்யே தாடியை ஒருமுறை நீவிக்கொண்டு, "இஸ்ரவேலில் இவள் பெயர்..." என்று இழுத்துச் சொன்னார். அந்தப் பெயர் அவர் வாயில் திரண்டு, தொண்டையின் அடியில் எங்கோ உரசி, வெளியே வந்தது. முன்பெஞ்சுக் கிழவர்கள் தலையாட்டினார்கள். மாடியிலிருந்து மிட்டாய் மழை பொழிந்தது. கதவோரத்துப் பையன் ஒருவன் உற்சாகமாகக் கத்தினான். "நோவாவுக்கு வாழ்த்து!"

நோவா குழந்தையிடமிருந்து தலையைத் தூக்கினாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி முதுகைத் தட்டினாள். "ஏண்டி, பேருக்கா பஞ்சம் வந்துச்சு? உன் பேரையே தூக்கி மகளுக்கு வெச்சுட்ட?"

"நோகா," என்றாள் நோவா. "நோகான்னுதான் வெச்சோம்."

"அட, மாமா நோவான்னுல்ல சொன்னாரு. எல்லாரும் கேட்டோமே."

யிஹ்யே நோவா என்று சொல்லவில்லை. ஏமனிலிருந்து வந்த அவருடைய மக்கள், எபிரேயத்தில் 'க' ஒலிக்கான கீமெல் எழுத்தை, அதற்குள் புள்ளி வைக்காதபோது, வன்மையாகச் சொல்வதில்லை. தொண்டையில் உரசித்தான் சொல்வார்கள். அப்படித்தான் அவருடைய அப்பா சொன்னார், அப்பாவுக்கு அப்பாவும் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் வானொலியிலும் வேறு உச்சரிப்பில் வளர்ந்தவர்களின் காதில் அந்த உரசல் விழுவதில்லை. நடுவே ஒரு எழுத்து காணாமல் போய்விடும். நோகா நோவா ஆகிவிடும்.

ஆயிரம் பெயரில் இந்த ஒரு பெயர் வேண்டாம் என்றுதான் நோவா ஒன்பது மாதமும் இருந்தாள். அவள் பிறந்த காலத்தில் நாடே பெண்குழந்தைகளுக்கு நோவா என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது. அயல்நாட்டார் அதைப் பேழை செய்தவரின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்; அவர் நோவக், எழுத்தே வேறு. நோவா என்றால் அசைவு, நகர்வு. ஹதேரா பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் ஐந்து நோவாக்கள். டீச்சர் அவர்களுக்கு எழுத்து வரிசையில் வால் ஒட்டினாள். நோவா ஆலெஃப், நோவா பேத், நோவா கீமெல் என்று. இவள் பேத். பட்டாளத்தில் சேர்ந்தபோதும் ஒரு வால், வேலைக்குப் போன இடத்திலும் ஒரு வால். காதலிக்கத் தொடங்கிய பிறகு நேரியாவின் கைபேசியில் தன் பெயரைத் தேடிப் பார்த்தாள். "நோவா ரோஷ் ஹாயின் பஸ்" என்றிருந்தது; முதலில் சந்தித்த ஊர் பஸ்ஸே அங்கே வால். கல்யாணமாகியும் அதை அவன் மாற்றவில்லை.

நோகா அவள் கண்டெடுத்த பெயர். ஒளி, பிரகாசம், விடியலில் தெரியும் அந்த வெள்ளி. நேரியா என்ற பெயருக்குள் 'நேர்', அதாவது விளக்கு, இருக்கிறது. விளக்கின் மகள் ஒளியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அதை முதன்முதலில் சொன்னபோது நேரியா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பாமலே, ஈரக்கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, "நல்லாயிருக்கு," என்றான். அவன் சாதாரணமாக எதையும் நல்லாயிருக்கு என்று சொல்பவன் இல்லை.

மதியச் சாப்பாட்டில் ஜஹ்னூன் ரொட்டிச் சுருளும் துருவிய தக்காளியும் வந்தன. வாழ்த்த வந்தவர்களில் பாதிப்பேர் நோகா என்றார்கள், பாதிப்பேர் நோவா என்றார்கள். யிஹ்யே மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை நோவா என்று காதில் விழும்போதும் அவர் கை நின்றது.

"திங்கக்கிழமை மறுபடி சுருளைத் திறப்பாங்கல்ல," என்று டோரித் மகளை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போய்ச் சொன்னாள். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு. எல்லாருக்கும் புரியற மாதிரி. இதுல என்ன இருக்கு?"

இதில் என்ன இருக்கிறது என்று நோவாவுக்குத் தெரியும். நாற்பது வருஷமாக அந்தக் கூடத்தில் வாசிக்கிற மனிதரிடம், நீங்கள் வாசிப்பது யாருக்கும் புரியவில்லை, திருத்திச் சொல்லுங்கள் என்று சபைக்கு முன்னால் கேட்பது அது. நேரியாவைக் கேட்கச் சொன்னாள்.

"அப்பாகிட்டயா? அதுக்கு நான் மறுபடியும் பட்டாளத்துக்கே போயிடறேன்," என்றான் நேரியா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். யிஹ்யே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, மெல்லுவதற்குக் காத் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மஸல் பக்கத்தில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நோவா நாற்காலி இழுத்துப்போடாமல் நின்றாள்.

"உக்காரு," என்றார்.

"பரவால்ல மாமா. ஒண்ணு கேக்கணும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கன்னத்தில் இலை உருண்டை உப்பியிருந்தது. "அந்தப் பேருக்காரி வந்தே நின்னுட்டா பாத்தியா," என்றார் மஸலிடம். "வேதத்துல செலொப்பியாத்துன்னு ஒருத்தன், அவனுக்கு அஞ்சு பொண்ணுங்க, பையன் கெடையாது. அப்பன் சொத்து எங்களுக்கு ஏன் இல்லைன்னு மோசேகிட்டயே வந்து நின்னு கேட்டாளுங்க. ரெண்டாவது பேரு நோவா. கேட்டு வாங்கிட்டுத்தான் போனாளுங்க. இவ்வளவு நல்ல பேரை வெச்சுக்கிட்டு, ஊரெல்லாம் இருக்குன்னு அழுவுறா இவ."

"என் காலத்துல தெருவுல நின்னு மஸல்னு கூப்பிட்டா ஏழு பேரு எட்டிப் பாப்போம்," என்றாள் மஸல். "அதிர்ஷ்டம்னு பேரு. ஏழு பேருல எவளுக்கும் அது வரல."

"உனக்கு நான் வந்தேனே."

"அதான் சொல்றேன்."

நோவாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் தொடங்குவதற்குள் யிஹ்யே இலையைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் சாத்யாவைக் கேட்டேன். நான் என்ன பேரு சொன்னேன்னு. சரியாச் சொன்னான். அவன் பையனைக் கேட்டேன். யோசிச்சு, நோகான்னான். பேரனைக் கேட்டேன்." துண்டின் ஓரத்தை மடித்தார். "அந்தப் பய என் முன்னாடியே உக்காந்து பத்து வருஷமாக் கேக்கறான். நோவான்னான். அப்போ மத்த வாசிப்பெல்லாம் அவனுக்கு என்னவாக் கேட்டுச்சோ."

மஸல் நார் உரிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் குனிந்துகொண்டாள்.

"திங்கக்கிழமை வானொலிக்காரன் மாதிரியே சொல்லிடறேன்," என்றார். "ஒரு எழுத்துதானே. செத்துடமாட்டேன். நீ கேக்க வந்தது அதுதானே?"

அதுதான். அதைக் கேட்கத்தான் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு மேட்டுத்தெரு ஏறி வந்தாள். இப்போது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய தொண்டையை. சவரக்கத்தி படாத அந்தச் சுருங்கிய தோலுக்குக் கீழே, ஒரு எழுத்தை அதற்கு உரிய இடத்திலிருந்து எடுப்பதற்காக ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார். அவளுடைய பெயரை இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள், ஒருவரும் அதற்கு ஒரு மூச்சுகூட அதிகம் செலவழித்ததில்லை. பின்னால் ஒரு வாலை ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

"இவகிட்ட ஒரு தடவை சொல்லுங்க மாமா. உங்க மாதிரியே."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார். குழந்தை தும்மியது.

"புடிச்சிருக்கு," என்றார்.

நோவா சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி சொன்னாள்.

"என்னடி, மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்றாள் மஸல்.

"கீழேருந்து எடு. இன்னும் கீழே," என்றார் யிஹ்யே. அவர் கண் ஓரம் சுருங்கியிருந்தது. "காறித் துப்பாத. மெத்துன்னு வரணும்."

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஒரு மாதிரி உரசியது. அவ்வளவுதான். ஆனால் அவளுடைய நெஞ்சுக்கூடு முழுக்க அதிர்ந்ததை அவள் உணர்ந்தாள்; மார்பில் சாய்ந்திருந்த குழந்தையும் உணர்ந்திருக்கும்.

"திங்கக்கிழமை வேண்டாம்," என்றாள். "நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. யாருக்குக் கேக்கலயோ அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

"தெருத் தெருவாவா?"

"தெருத் தெருவாத்தான்."

யிஹ்யே நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

சொன்னபடியே அன்று திரும்பும் வழியிலேயே தொடங்கினாள். காய்கறிக்கடைக்காரன் நோவாக்குட்டி எப்படி இருக்கு என்றான், நோகா என்றாள். மாடிப்படியில் அண்டைவீட்டுக்காரி கேட்டாள். நோகா, ஒளி, என்றாள். வீட்டுக்குள் நுழையும்போது வாய் வலித்தது.

மீதி இருந்தது உள்துறை அலுவலகத்துக்குப் பெயர் எழுதி அனுப்புவது. மறுநாள் நேரியா கணினியைத் திறந்துவைத்திருந்தான். பெயர்க் கட்டத்தில் எழுத்து விழுந்தது. உயிர்க்குறியும் புள்ளியும் விழவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு அவள் காகிதப் படிவம் கேட்டாள்.

"அங்க யாரு புள்ளியைப் பாக்கப்போறா?" என்றான் நேரியா.

"அம்மா பேரைப் பாப்பாங்கல்ல. அதுக்குக் கீழே இதையும் பாக்கட்டும்."

யிஹ்யேவுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதினாள். நூன் எழுதினாள், அதன்மேல் தலைப்புள்ளி. கீமெல் எழுதி, வயிற்றை வெறுமையாக விட்டாள். கடைசியில் ஹே.

"அந்த ஹேக்குள்ள ஒரு புள்ளி வை," என்றது தொலைபேசிக் குரல். "மறந்துடாத. புள்ளி இருந்தா அங்க மூச்சை வெளிய விடணும். இல்லன்னா அந்த எழுத்து சும்மா நிக்கும்."

வைத்தாள். மை கொஞ்சம் அதிகமாக இறங்கிப் பளபளத்தது. படிவத்தை முகத்துக்கு நேரே தூக்கி, அந்தப் புள்ளி காயும்வரை மெதுவாக ஊதினாள். பிறகு மூன்றாக மடித்து உறையில் இட்டு, பசை ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டிக்கு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளே நடந்தாள். பெட்டியின் மூடி வெயிலில் சூடேறியிருந்தது. உறை விளிம்பில் ஒரு கணம் நின்று, உள்ளே ஏற்கெனவே கிடந்த கடிதங்களின் மேல் விழுந்தது.