கோட்டுக்கு ஏத்த உடம்பு

எனக்கு இதுவரைக்கும் வேலை போனதெல்லாம் கையால இல்ல, வாயால. தையல்ல என்னைக் குறை சொன்ன ஆள் கிடையாது. ஆனா கட்டிங் மாஸ்டர் தப்பா வெட்டினா தப்புன்னு சொல்லிடுவேன். இடுப்பளவைக் குறைச்சுச் சொல்ற கஸ்டமர் அம்மாவுக்கு மூஞ்சிக்கு நேரா டேப்பை நீட்டிக் காட்டிடுவேன். கடைசியா இருந்த கடையில முதலாளி நாளையிலேர்ந்து வராதேன்னார். எதுக்கு நாளைக்கு, இப்பவே கிளம்புறேன்னு கத்தரிக்கோலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வந்து சேர்ந்தது தங்கச்சி வீடு.

தங்கச்சி குணத்துல தங்கம். அவ வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை குறைச்சலாப் பேசினவர் இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. திட்டினாலாவது திருப்பித் திட்டலாமே! நான் ஹால் சோபாவுல படுப்பேன். காலையில நான் எந்திரிக்கட்டும்னு அந்த மனுஷன் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு சமையல்கட்டுலயே நிப்பார். எனக்கு ஒரு ரூம் வேணும், அதுக்கு ஒரு கதவு வேணும், அந்தக் கதவுச் சாவி என் கையில இருக்கணும். அதுக்கு ஒரு நிலையான வேலை வேணும். வேற எந்த ஆசையும் அப்ப எனக்கு இல்ல.

அருங்காட்சியகத்துல ஆள் எடுக்கிற விளம்பரத்தைப் பார்த்தது தங்கச்சிதான். பழைய உடுப்புகளை வச்சு ஒரு கண்காட்சி போடுறாங்களாம், அந்த உடுப்புகளை மாட்டி நிக்க வைக்க பொம்மை உடம்பு செய்யணுமாம், தையல் தெரிஞ்சவங்க வரலாமாம். கண்காட்சி வரைக்கும் தற்காலிகம், வேலை திருப்தியா இருந்தா நிரந்தரம். செத்தவங்களுக்கு அளவெடுக்கிற வேலையான்னு தங்கச்சி வீட்டுக்காரர் கேலி பண்ணினார். ஆமாம், அவங்க யாரும் அக்குள்ல பிடிக்குதுன்னு திரும்பி வர மாட்டாங்கன்னேன்.

வேலை செய்யற இடம் கட்டடத்துக்கு அடியில. ஜன்னல் கிடையாது, வெயில் பட்டா சாயம் வெளுத்துடுமாம். பேனா உள்ள வரக்கூடாது, பென்சில்தான். தண்ணி பாட்டில் கூட வாசலோட சரி. குண்டூசியை எண்ணி வாங்கி, சாயங்காலம் எண்ணித் திருப்பிக் கொடுக்கணும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க துணிப் பிரிவு மேடம். நைஞ்சு போன பட்டையும் கிழிஞ்ச சரிகையையும் மேற்கொண்டு கெடாம பார்த்துக்கிறது அவங்க வேலை. மெதுவாப் பேசுவாங்க, மெதுவா நடப்பாங்க, ஒரு நூலைப் பிரிக்க ஒரு பொழுது எடுத்துக்குவாங்க. முதல் வாரம் அவங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுமை போச்சு. அப்புறம் அந்த விரலைக் கவனிச்சேன். அப்படி ஒரு விரல் எனக்கு வாய்க்கலையேன்னு பொறாமையாப் போச்சு.

தலைகீழா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். நான் ஆயுசு பூரா உடம்புக்கு ஏத்த மாதிரி துணியை மாத்தினவ. இங்க துணியில ஒரு தையல் போடக்கூடாது, ஒரு ஊசி குத்தக்கூடாது, இஸ்திரி பக்கத்துலயே வரக்கூடாது. துணி எப்படி இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி உடம்பைச் செய்யணும். ஃபோமை வெட்டி, பஞ்சை வச்சு, மேல வெள்ளைத் துணியைப் போர்த்தித் தைக்கணும். ஒரு தபால்காரர் சட்டை, ஒரு நர்ஸ் உடுப்பு, ஒரு பாட்டுக்காரியோட கவுன்னு வரிசையா நிக்க வச்சேன். எல்லாம் கச்சிதமா நின்னுச்சு. எனக்குத் தலை கால் புரியல.

அப்புறம் வந்துச்சு அந்தக் கோட்டு. கருஞ்சிவப்புப் பட்டு, முழங்காலுக்குக் கீழே வரைக்கும். ஒரு காலத்துல ஊர் ஊராப் போய் மேஜிக் காட்டின ஒரு பொம்பளையோடது. கண்காட்சிக்கே அதுதான் மாப்பிள்ளை. அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கிற காப்பாட்சியர் சார் வெளிப்படையாவே சொல்லிட்டார். இந்தக் கோட்டு சரியா நின்னுச்சுன்னா எனக்கு நிரந்தர வேலை. இல்லேன்னா ரெடிமேட் பொம்மை விக்கிற கம்பெனிகிட்ட மொத்தமா வாங்கிக்குவாங்க, நான் வீட்டுக்குப் போகலாம்.

மேடம் ஒரு நிபந்தனை வச்சாங்க. பட்டு நைஞ்சு கிடக்கு, ரெண்டே தடவைதான் உடம்புல ஏத்தலாம். ஒண்ணு பார்க்கிறதுக்கு, இன்னொண்ணு கண்காட்சிக்கு. அதனால முதல்ல சாதாப் பருத்தித் துணியில நகல் கோட்டு ஒண்ணு தைச்சு, அதைப் போட்டுப் பார்த்து உடம்பைச் செய்யலாம்னாங்க. என் கண்ணே டேப்புதான் மேடம், நகலெல்லாம் எதுக்குன்னுட்டேன்.

செஞ்சேன் பாருங்க ஒரு உடம்பு, சிலை மாதிரி! தோள் ரெண்டும் மட்டம், இடுப்பு ரெண்டு பக்கமும் ஒண்ணு. தையக்காரிக்கு அதுதானே பெருமை? தோள் இறங்கினவங்களுக்குப் பஞ்சு வச்சு ஏத்துவோம், கூனினவங்களுக்கு முதுகை நீட்டி வெட்டுவோம், எல்லாரையும் நேராக் காட்டுவோம். காப்பாட்சியர் சாரும் வந்து நின்னார். மேடமும் நானும் கோட்டை ஏத்தி, பட்டனைப் போட்டு, கையை எடுத்தோம்.

குடிகாரன் மாதிரி சாஞ்சுது. இடது பக்கம் தொளதொளன்னு கீழ இறங்கி, பட்டன் வரிசை கோணிக்கிட்டு, பார்க்கச் சகிக்கல. எனக்கு வந்ததே ஆத்திரம். எந்த மடையன் இதைத் தைச்சான், இடது பக்கத்தை வலதை விடப் பெருசா வெட்டி வச்சிருக்கான் பாருங்கன்னு கத்தினேன். மேடம் கோட்டைப் பத்திரமா இறக்கினாங்க. சார் மெதுவா, கம்பெனிக்காரங்களை வரச் சொல்லிடலாமான்னு அவங்களைப் பார்த்துக் கேட்டார். இன்னும் ஒரு தடவை இருக்கு சார்னு மேடம்தான் சொன்னாங்க.

அவர் போனதும் என்னைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டல. கோட்டை மேஜை மேல விரிச்சு உள் பக்கத்தைக் காட்டினாங்க. இடது பக்கம் உள்ளே வரிசையா ரகசியப் பைகள். மேஜிக் சாமானெல்லாம் ஒளிச்சு வச்ச பைகள், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா பைகளுக்குப் பின்னால, இடுப்புக்கிட்ட, உள்துணி வட்டமாத் தேஞ்சு போயிருந்துச்சு. இடது தோளுக்கு உள்ளேயும் அதே மாதிரி. ஏன் இந்த ரெண்டு இடம் மட்டும் தேஞ்சிருக்குன்னு ரொம்ப நாளா யோசிக்கிறேன், உங்களுக்கு எதாவது தோணுதான்னாங்க. எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா, அளவே எடுக்காம ஒரு தையக்காரனை மடையன்னு சொல்லிட்டோமேன்னு உறுத்திச்சு. நகல் தைக்கிறேன் மேடம்னேன்.

அவங்க அளவு சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். பைகளையும் விடாம வச்சேன். நகல்தானே, வெளிய கொண்டு போகலாம்னு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய், நானே போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். அதே கோணல், அதே தொளதொளப்பு. தங்கச்சி சிரிச்சா. "இத்தனை பை இருக்கே அக்கா, மார்க்கெட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போ"ன்னு சொல்லி, கையில இருந்த வெங்காயத்தை ஒரு பையில போட்டா. எனக்குப் பொறி தட்டுச்சு. இன்னும் போடு, கையில கிடைச்சதையெல்லாம் போடுன்னேன். கரண்டி, தீப்பெட்டி, அவ பிள்ளையோட பந்து, அவ வீட்டுக்காரரோட சாக்ஸ் வரைக்கும் திணிச்சா. கனம் இழுக்க இழுக்க என் இடது தோள் தானா மேல ஏறிச்சு, கனத்தைத் தாங்கணுமே. சாமானெல்லாம் இடுப்புல புடைச்சு, தொளதொளன்னு இருந்த துணியை உள்ள இழுத்துக்கிச்சு.

"அக்கா, கண்ணாடியைப் பாரு"ன்னா தங்கச்சி.

கோட்டு நூல் பிடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. இவ்வளவு சாமான் உள்ள இருக்குன்னு சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் கேலி ஒண்ணும் பண்ணல. பிள்ளையோட ஸ்கேலை எடுத்துக்கிட்டு வந்து, தரையில மண்டி போட்டு ரெண்டு பக்க விளிம்பையும் அளந்தார். ஒரே மட்டம்னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்தத் தையக்காரன் மடையனா? பாதி மேஜிக் அவன் பண்ணினது! புடைப்பு வெளிய தெரியக்கூடாதுன்னு கணக்குப் போட்டுக் கோணலா வெட்டியிருக்கான். யார் பெத்த பிள்ளையோ, கிடைச்சா அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்குவேன்னு சத்தமாவே சொன்னேன்.

திங்கக்கிழமை மேடம்கிட்ட போட்டுக் காட்டினேன். அவங்க முதல் தடவையா வேகமா நடந்து வந்தாங்க. சாமான் உரசி இடுப்பு தேஞ்சிருக்கு, கனம் தாங்கித் தோள் தேஞ்சிருக்கு, ரெண்டு இடமும் இப்ப விளங்கிடுச்சுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அசல் பையில ஒரு பஞ்சுருண்டை கூட வைக்கக்கூடாது, பட்டு கிழிஞ்சுடும், அதனால அந்தப் புடைப்பு உடம்புல இருக்கட்டும்னாங்க. அதுவும் சரிதானே. இடது தோளைத் தூக்கி, இடது இடுப்புல மேடு வச்சு, ரெண்டு பேருமா ஒரு கோணல் உடம்பு செஞ்சோம். கோட்டு உரசாம இறங்கட்டும்னு மேல வழவழன்னு ஒரு துணியையும் போர்த்தினோம்.

சார் ஆபீஸ் ஆளுங்களோட வந்தார். அந்த உடம்பைப் பார்த்ததும் அவர் மூஞ்சி சுருங்கிப் போச்சு. இதென்னங்க, மாடு முட்டின மாதிரி இருக்குன்னார். எனக்கு நாக்கு நுனியில பதில் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். கோட்டைப் போட்டுடறோம் சார், அப்புறம் பேசலாம்னாங்க மேடம்.

மோதிரத்தைக் கழட்டி, கையைக் கழுவித் துடைச்சுக்கிட்டு வந்தேன். இது தப்பினா இன்னொரு தடவை கிடையாது. ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கோட்டோட இடது பக்கத்தை ஏத்தினோம், அப்புறம் வலது. பட்டன் ஒவ்வொண்ணா அதது ஓட்டையைத் தேடிப் போய் உட்கார்ந்துச்சு, நான் இழுக்கவே இல்ல. விலகி நின்னோம்.

நின்னா பாருங்க அந்த மகராசி! தலை இல்ல, கை இல்ல, ஆனா இப்பதான் மேடையில வந்து நின்ன மாதிரி அப்படி ஒரு மிடுக்கு. நெஞ்சு நிமிர்ந்து, விளிம்பு மட்டமா, பட்டன் வரிசை கோடு போட்ட மாதிரி. சார் ஒரு சுத்து சுத்தி வந்தார், இன்னொரு சுத்து வந்தார்.

"உள்ள இருக்கிற கோணல் துளிகூடத் தெரியலையே"ன்னார்.

"தெரிஞ்சா அந்தத் தையக்காரரும் எதுக்கு, நாங்களும் எதுக்கு சார்?"னேன். வாய் சும்மா இருக்குமா? ஆனா அவர் சிரிச்சார்.

அப்புறம் என் கூட வாங்கன்னு, பூட்டி வச்சிருந்த பெரிய சேமிப்பறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். தரையிலேர்ந்து கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு உடுப்பு படுத்துக் கிடக்குதாம். ஓட்டப்பந்தயக்காரி, தீயணைப்பு வீரர், மாலுமி, சமையக்காரர், கல்யாணப் பொண்ணு. நிக்க வைக்க உடம்பு இல்லாததால இதுல பெரும்பாலானதை ஜனங்க பார்த்ததே இல்லையாம். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கை பரபரன்னுச்சு.

"இதையெல்லாம் நிக்க வைக்க எவ்வளவு காலம் ஆகும்?"னு கேட்டார்.

நான் அந்த வரிசையை ஒரு தடவை நல்லாப் பார்த்தேன். "நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஆகும் சார்"னேன்.

"அப்ப அதுவரைக்கும் இருங்க"ன்னார்.

எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கேன். எந்த முதலாளியும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. மேடம் எனக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்களே கீழ் தட்டுலேர்ந்து ஒரு பெட்டியை இழுத்து என் கையில வச்சு, முதல்ல நகல் தைக்கணும்னாங்க. சரிங்க மேடம்னேன்.