காளஹஸ்தி போய் வந்த கால்

காளஹஸ்தி போகிற வழியில் பஞ்சவர்ணம் ஊத்துக்கோட்டையில் பஸ் மாற இறங்கினாள். அந்த ஊரில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் நாகவல்லி, மாமியாரோடு பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். காளஹஸ்திக்குப் போவதே அவளுக்காகத்தான். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. நாகதோஷம்தான் காரணம், காளஹஸ்தியில் கழித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்க்கும் கஜபதி, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பெண்டாட்டி பஞ்சவர்ணத்தையும் சின்ன மகள் புஷ்பாவையும் விடியற்காலையிலேயே கிளப்பிவிட்டார். நாகவல்லியையும் அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, வீட்டில் வேலை கிடக்கிறது என்று மாமியார் சாமுண்டீஸ்வரி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

முறுக்குப் பொட்டலம் கொடுக்கிற சாக்கில் நாகவல்லி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். முந்தானை விலகியது. முழங்கைக்கு மேல் சூடு போட்ட புண், இன்னும் ஆறவில்லை.

"சாயங்காலம் வரசொல்ல என்ன இட்டுகினு பூடும்மா," என்றாள் மெதுவாக. "இல்லன்னா நாளைக்கு நான் இருக்கமாட்டேன்."

அதற்குள் மாமியார் பக்கத்தில் வந்துவிட்டாள். பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னதும் கஜபதிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. காளஹஸ்தியில் தோஷம் கழித்தவர்கள் நேரே தங்கள் வீட்டுக்குத்தான் போகவேண்டும். வழியில் யார் வீட்டுப் படியை மிதித்தாலும் கழித்த தோஷம் அந்த வீட்டில் ஒட்டிக்கொள்ளும். அது மகள் இருக்கிற வீடாயிற்றே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகலாமாம். அடுத்த ஞாயிறு! ஒரு வாரம் என்றால் இந்த மனுஷனுக்கு அவ்வளவு லேசாக இருக்கிறது. சூடு வாங்கினது இவர் கையா என்ன?

காளஹஸ்தியில் சொர்ணமுகி ஆற்றில் மணல்தான் அதிகம். ஓரமாக ஓடிய தண்ணீரில் புஷ்பா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டம் போட்டாள். மலையைப் பார், கோபுரத்தைப் பார், துணியில் சாமி படம் எழுதி விற்கிற கடையைப் பார் என்று அம்மாவைப் பிடித்து இழுத்தாள். பஞ்சவர்ணம் பார்த்ததெல்லாம் வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைத்தான். மகள் பேருக்குச் செய்த பூஜையில் கஜபதி ஒன்றையும் விடவில்லை. ஐயர் சொன்ன இடத்திலெல்லாம் விழுந்து கும்பிட்டார். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தில் பஞ்சவர்ணம் தன் பங்கையும் புஷ்பாவுக்கே வைத்துவிட்டாள். இருக்கமாட்டேன் என்றாளே, பாவி, எந்த அர்த்தத்தில் சொன்னாள்?

திரும்பி ஊத்துக்கோட்டையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாகவல்லி வரவில்லை. திருவள்ளூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறு ஏறு என்றார் கஜபதி. பஞ்சவர்ணம் புஷ்பாவை அவரிடம் தள்ளிவிட்டு மகள் வீட்டுக்கு விடுவிடுவென்று நடந்தாள். அவர் திட்டிக்கொண்டே சின்னவளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

சத்தம் கேட்டு வந்த சாமுண்டீஸ்வரி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். காலையில் பேயாய் முறைத்தவள் முகத்தில் இப்போது பயம் அப்பியிருந்தது.

"காளாஸ்திரி போய்ட்டு வர்ற காலு, சம்மந்தி. இந்தப் படிய மெறிக்கக்கூடாது. அவ தலவலின்னு படுத்துகினு கீறா."

உள்ளே ஏதோ ஒரு கதவு படபடவென்று தட்டப்பட்டது. "எம்மா" என்று ஒரு குரல்.

பஞ்சவர்ணம் காலைத் தூக்கிப் படிக்கு நேராக நீட்டினாள்.

"நான் உள்ள வர்ல. எம்பொண்ண வெளிய அனுப்பு. அனுப்பலன்னா ஊடு பூரா நடப்பேன். உம்புள்ள கட்டில்மேல குந்துவேன். அப்புறம் நடக்கறதுக்கு என்னக் கேக்காத."

கஜபதி பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். உள்ளே மறுபடியும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தோளை விட்டார். குனிந்து, ஒருத்தர் வீட்டுக்குள் போவதற்கு முன் கழற்றுகிற மாதிரி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

சாமுண்டீஸ்வரி அந்த வெறுங்காலைப் பார்த்தாள். அவ்வளவுதான், உள்ளே ஓடினாள். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் தெருவரை கேட்டது.

நாகவல்லி கட்டிய புடவையோடு வெளியே வந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேரும் அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். ஊர் எல்லை தாண்டிய பிறகு நாகவல்லி கேட்டாள்.

"நெசமா உள்ள வந்திருப்பியாம்மா?"

"எப்பிடிடி வருவேன்?" என்றாள் பஞ்சவர்ணம். "நீ உள்ள இருக்கசொல்ல அந்தத் தோஷத்தத் தூக்கிகினு எப்பிடி வருவேன்? சும்மா மெரட்டனேன்."

முன் சீட்டில் புஷ்பாவை மடியில் போட்டுக்கொண்டிருந்த கஜபதி திரும்பவே இல்லை.

"நான் வந்திருப்பேன்," என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் நாகவல்லி அழ ஆரம்பித்தாள்.