மரியாதைக்காரன்

சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் அந்த நாற்றம் வந்தது. ஏழு பேரும் ஒன்றும் வராத மாதிரி சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த நேரம். கல்லடுப்பில் சுட்ட பன்றி, ஈரப்பலா, தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிச் சுட்ட சேம்பிலை என்று எல்லாம் ஆவி பறக்க நடுவில் இருந்தது. சவாயி தீவில் ஞாயிறு மதியம் ஊரே மணக்கும். அத்தனை மணத்தையும் ஏறி மிதித்துக்கொண்டு வந்தது இந்த நாற்றம். தூணில் சாய்ந்து கால் நீட்டியிருந்த பெனினாவின் வலது பாதத்திலிருந்து வந்தது. பாதத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, துணி முழுக்க எண்ணெய். எண்ணெயோடு இன்னொன்றும் ஊறி, ஓரம் பழுப்பாகிப் பச்சையாகிக் கிடந்தது. அதன் மேல் உட்காரும் ஈக்கள், அங்கிருந்து எழுந்து நேராகப் பன்றிக்கறிக்கு வந்தன.

போதகர் எலிசாயாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. முதுகுத் தோல் முறுகலாக இருந்த துண்டாகப் பார்த்து எடுத்துக் கடித்தார். கொழுப்பு முழங்கை வரை வழிந்தது. அந்தக் கையாலேயே பெனினாவின் நெற்றியைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தார்.

"என்னடா எல்லாரும் மூக்கச் சுளிக்கிறீங்க? நோய் வெளிய போவுது. போற நோய் பூ வாசனையாவா போவும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெனினாவும் சிரித்தாள்.

அவள் மகன் செமிசியும் சிரித்தான். அதைத்தான் சொல்ல வந்தேன். சிரித்தான், பாவி.

இந்த செமிசிக்குக் கடவுள் கிடையாது. ஊருக்கே தெரியும். ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே அவன் வேலையே சர்க்கரைக்காரக் கிழங்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவதுதான். எந்தப் புண் ஆறும், எந்தப் புண் அழுகும், எது எலும்புக்குப் போய்விட்டது என்று வாசல் தாண்டும்போதே மூக்காலேயே சொல்லிவிடுவான். அந்த இல்லத்துச் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருப்பார்கள்: இங்கே இருப்போரின் நம்பிக்கைகளை மதித்து நடக்கவும் என்று. செமிசி அந்த அட்டையை அப்படியே நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். அப்பா செத்தபிறகு அம்மாவுக்குத் துணையாக இருக்க வந்தவன், ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டை, வெள்ளை லவலவா வேட்டி கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்காருவான். ஊர் மெச்சியது.

"சாமி இல்லேம்பான். ஆனா ஜெபம்னா தொப்பிய எடுத்துருவான். என்ன மரியாதை, என்ன மரியாதை! தங்கம்டி உம் புள்ள" என்று பெனினாவிடம் பாட்டுக்குழுப் பெண்கள் சொல்வார்கள்.

இந்த 'தங்கம்' அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆளை அழித்ததே அதுதான்.

பெனினாவின் கட்டைவிரலில் சிப்பி கிழித்து ஒரு சின்னக் காயம். சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. பழைய சபையை விட்டு இந்த எலிசாயாவின் புதுச் சபைக்கு மாறியிருந்தாள். அவர் ஒரு குளிர்பான பாட்டிலில் எண்ணெய் கொண்டுவந்து ஜெபித்துக் கட்டினார். இருபத்தொரு நாள் உபவாசம், அதுவரை கட்டை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் சந்தேகப்பட்டதாக அர்த்தம் என்றார். தினமும் மேலாக எண்ணெய் மட்டும் ஊற்றவேண்டும். மாத்திரையும் நிறுத்தம். சர்க்கரைக்காரி, மதியம் வரை பட்டினி. கேட்கவே வயிறு எரிகிறதா? பக்கத்தில் நின்று கேட்ட செமிசி, "உங்க முறை அது, நான் குறுக்க வர மாட்டேன் ஐயா" என்றான். போதகர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் நாற்றம் ஆரம்பித்தது. அன்றைக்கே செமிசிக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. சமையல் கொட்டகையில் அவன் கொக்கோ காய்ச்சிக்கொண்டிருந்தான். பெனினா நொண்டிக்கொண்டே வந்து ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள். 

"செமிசி."

"என்னம்மா?"

"இது சரியாப் போயிடுமாடா?"

கரண்டி நின்றது. சொல்வதற்கு நாக்கு நுனி வரை வந்தது. அம்மா, விரல் செத்துப்போச்சு, இப்பவே கெளம்பு என்று ஒரு வரி. ஆனால் அந்தச் சுவரட்டை, அந்த 'தங்கம்', கடைசி பெஞ்சு எல்லாம் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டன.

"அது உன் நம்பிக்கைம்மா. நான் என்ன சொல்ல?" என்றான்.

பெனினா அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு நடக்கும்போது வலி இல்லை. வலி இல்லாததுதான் கேடு என்று அவனுக்குத் தெரியும். கொக்கோவைக் குடித்தான்.

போதகர் பன்றி தின்றுவிட்டுப் போன மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், தோட்டத்திலிருந்து செமிசி திரும்பியபோது பெனினா பாயில் புரண்டு பினாத்திக்கொண்டிருந்தாள். செத்துப்போன புருஷனைக் கூப்பிட்டு, பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று திட்டினாள். உடம்பு அனலாகக் கொதித்தது. துணியின் மடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. செமிசி குனிந்து பார்த்தான். புழு. அரிசி அரிசியாகப் புழு, அந்தப் புனித எண்ணெயில் கொழுத்துப்போய்.

வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவைத் தூக்கி வண்டியின் முன்சீட்டில் போட்டான். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தூரம்.

ஊரைத் தாண்டவில்லை. சங்கு ஊதிவிட்டார்கள்.

'சா' நேரம். வீட்டுக்கு வீடு குடும்ப ஜெபம். ஒருத்தரும் தெருவில் நடமாடக் கூடாது. ஒரே நிற லவலவா கட்டிய ஆண்கள் சாலையோரம் கைகட்டி வரிசையாக நிற்பார்கள். மீறியவனுக்கு ஊர்ச்சபை அபராதம் போடும். செமிசி வழக்கம்போல ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் தலை குனிந்தான். கை தானாகவே செய்தது.

கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அந்த நாற்றமும் அவனும் அம்மாவும். இரண்டு பக்கமும் சுவரில்லாத வீடுகளிலிருந்து பாட்டு கிளம்பியது, நாலு குரலில், அவ்வளவு அழகாக. பெனினா நினைவில்லாமலே உதட்டை அசைத்தாள். சீட்டுக்குக் கீழே அவள் கால் மெல்லத் தட்டியது. பாட்டுக்குழுவுக்கு முப்பது வருஷம் தாளம் பிடித்த கால் அது. ஆலயத்துப் பலகைத் தரையில் அவள் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அறுபது குரலும் ஒன்றாக எழும். இப்போது தட்டத் தட்டத் துணியிலிருந்து சொட்டியது.

இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் சங்கு ஊதியதும் வரிசையில் நின்ற லாஃபி வண்டி அருகே வந்தான். செமிசியோடு படித்தவனின் தம்பி, முப்பது வயது ஆள். கண்ணாடியை இறக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டடி பின்னால் போனான்.

"ஐயோ, என்னண்ணே இது? பெரியம்மாவா? என்னாச்சு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஆஸ்பத்திரிக்கா? அப்புறம் எதுக்கு நின்ன?"

"சா நேரம். நீங்கல்லாம் ஜெபம் பண்றப்ப..."

"யோவ், உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" லாஃபி கத்தினான். "எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப சங்கு ஊதிக்கிட்டே இருந்துச்சு. நானே வண்டிய வுட்டேன். தலைவர் ஜெபத்துலேர்ந்து எந்திரிச்சு வந்து, போ போன்னு கையக் காட்டினாரு. சாவக் கெடக்குற ஆள நாங்க என்னைக்கு மறிச்சோம்? ஒரு வார்த்த சொன்னா முன்னால ஓடிப் போயி வழி வுட்டுருப்பேனே!"

"உங்க வழிபாட்ட மதிக்கணும்னுதான் லாஃபி..."

லாஃபி அவனை மேலும் கீழும் பார்த்தான். "சாமிய நம்புற நாங்களே ஓடுவோம். நீ நம்பாதவன். நீ யாருக்குப் பயந்து நின்ன?"

தூ என்று தரையில் துப்பினான். நாற்றத்துக்குத் துப்பினானா, ஆளுக்குத் துப்பினானா, செமிசி கேட்டுக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்தான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். மூன்று தரம் சோப்புப் போட்டும் போகவில்லை போலிருக்கிறது, விரலை முகர்ந்து பார்த்தாள். "ஒரு வாரம் முன்னால வந்திருந்தா விரலோட போயிருக்கும். இப்படியா வுடுவாங்க? வீட்டுல வெவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்லையா?" என்றாள்.

"இல்லை" என்றான் செமிசி.

மூன்றாம் நாள் பெனினாவுக்கு நினைவு திரும்பியது. அன்று சாயங்காலமே போதகர் எலிசாயா வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் வேதப் புத்தகமுமாக. கட்டில் அருகே நின்று துக்கமாகத் தலையை ஆட்டினார். "பதினாறாம் நாள்ல கட்ட அவுத்துட்டாங்களே. இன்னும் அஞ்சே நாள். சத்துரு எங்க நுழையிறான் பாருங்க" என்றார்.

இந்த இடத்தில் எவனாக இருந்தாலும் அவர் சட்டையைப் பிடித்திருப்பான். செமிசி என்ன செய்தான் தெரியுமா? எழுந்து, தொப்பியைக் கழற்றி, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து அவருக்கு நகர்த்திப் போட்டான். எழுதுகிற எனக்கே குமட்டுகிறது.

"நாற்காலி போடாத" என்றாள் பெனினா.

குரல் பலவீனமாகத்தான் இருந்தது. போதகர் பாதி உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார்.

"போதகரே, நீங்க போயிட்டு வாங்க. எங்கூட என் தேவன் இருக்காரு, அவரு போதும். அந்த எண்ணெய் பாட்டில் வீட்டுல தூணோரம் இருக்கு, எடுத்துட்டுப் போயிடுங்க. வேற எவ வீட்டுக்கும் கொண்டு போயிடாதீங்க."

போதகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெனினா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் நின்றுவிட்டு அவர் போய்விட்டார். செமிசிக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா கோபத்தையெல்லாம் அந்த ஆள் மேல் கொட்டிவிட்டாள் என்று நினைத்தான்.

"அவரு முட்டாள்" என்றாள் பெனினா, கண்ணைத் திறக்காமலே. "ஆனா நம்புனாரு. அவரு பொண்டாட்டிக்கும் அதே எண்ணெயத்தான் போடுவாரு. நீ நம்பலயே."

செமிசி நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான்.

"உனக்கு எப்பலேர்ந்து நாத்தம் வந்துச்சு?"

"அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"எப்பலேர்ந்துடா?"

"பத்தாம் நாள்லேர்ந்து."

"நான் உன்னக் கேட்டது?"

"பன்னெண்டாம் நாள்."

பெனினா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "போதகரக் கேக்கத் தெரியாமலா உன்கிட்ட வந்தேன்? நொண்டிக்கிட்டு வந்தேன்டா. எனக்கே சந்தேகம் வந்துதான் வந்தேன். இவன் சாமி இல்லாதவன், இவன் உள்ளதச் சொல்லுவான்னு வந்தேன். நீ எனக்கு மரியாதை குடுத்த. ஊரு முன்னால என்னைத் திட்டியிருக்கலாம், அந்தாள அடிச்சிருக்கலாம், என்னத் தூக்கிட்டு ஓடியிருக்கலாம். நான் காறித் துப்பியிருப்பேன் உம்மேல. கால் இருந்திருக்கும்."

"உன் நம்பிக்கைய நான் மதிச்சேன்மா."

"மதிச்சியா? பைத்தியக்காரி, என்னமோ பண்ணிட்டுப் போறான்னு வுட்ட. அதுக்குப் பேரு மரியாதையா? நாய்க்குக் கால் அழுகுனாக்கூட கழுத்தப் புடிச்சு இழுத்துக் கொண்டுபோய் டாக்டர்கிட்டக் காட்டுவ."

அவன் அழ ஆரம்பித்தான். அவள் சமாதானம் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து ஊரில் சங்கு ஊதியது. வார்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். யாரோ மெல்ல ஒரு பாட்டை எடுக்க, பெனினாவும் சேர்ந்துகொண்டாள்.

செமிசியின் கை தொப்பிக்குப் போயிற்று. தலை தானாகக் குனிந்தது.

பெனினா பாட்டை நிறுத்தினாள்.

"தலையத் தூக்கு."

"அம்மா..."

"நீ எங்க பாட்டுக்குத் தலை குனியாத. உனக்குத்தான் சாமி கெடையாதே. கண்ண மூடாத. பாத்துக்கிட்டே இரு."

மறுபடியும் பாட ஆரம்பித்தாள். செமிசி பார்த்தான். வெள்ளைப் போர்வை வலது பக்கம் முழங்கால் வரை மேடாக இருந்தது, அதற்குக் கீழே சப்பென்று படிந்து கிடந்தது. மற்றவர்கள் சுருதி சேராமல் தடுமாறியபோது, அந்த மேடு எழும்பி எழும்பிப் படுக்கையில் விழுந்தது, முப்பது வருஷத்துப் பழக்கத்தில் தாளம் போட்டபடி. சத்தமே வரவில்லை.