ஜோப்பின் புல்வெளியில் நிற்கும் கல்

மேயர் குவெனோலே தன் பதவிக்குரிய பிரெஞ்சு மூவர்ணப் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, ஜோப்பின் புல்வெளியில் நின்ற கல்லிலிருந்து காய்ந்த சாணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் வாளியைப் பிடித்திருந்தேன். லான்கொரெக் ஊர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் பெண் நான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் வேலை. வாளி பிடிப்பதும் அதில் சேர்த்தியா என்று கேட்கத் தோன்றியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள எங்கள் ஊரைப் பக்கத்து ப்ளூவெனெஸோடு இணைக்க மாவட்ட நிர்வாகம் எண்ணியிருந்தது. பாதுகாக்கத் தக்க சிறப்பு ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும் என்று கடிதத்தில் ஒரு வரி. மேயர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். ஊரின் புவியியல், வரலாறு, சின்னங்கள் பற்றி அறிக்கை எழுதச் சொன்னார். புவியியல் சுலபம்: ஒரு குன்று, அதன் உச்சி மட்டும் ப்ளூவெனெஸில் இருக்கிறது. வரலாறு அதைவிடச் சுலபம்: பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எங்கள் பாதிரியாரைக் கைதுசெய்ய வந்த படை, வழி தவறி வேறோர் ஊர்ப் பாதிரியாரைப் பிடித்துப் போனது. சின்னம் என்றால், ரோம் இதுவரை கேள்விப்படாத ஒரு புனிதரின் சிற்றாலயமும் இந்தக் கல்லும்தான். கல்லுக்கு நேராக 'ஐயாயிரம் ஆண்டுப் பழமை' என்று மேயர் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். அதைப் பார்க்கத்தான் அன்று ரென் நகரத்திலிருந்து ஒரு தொல்பொருள் அதிகாரி வரவிருந்தார்.

வேலிக்கதவைத் திறந்துகொண்டு ஜோப் வந்தார். மேயரோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"என்னடா குவெனோலே, கல்லுக்கு ஞானஸ்நானமா?"

"ஐயாயிரம் வருஷத்துக் கல்லுடா இது."

"எது, இதுவா? முப்பத்தி நாலுல எங்க தாத்தா நட்டதுடா. மாடு முதுகு சொறியறதுக்கு."

மேயர் கையிலிருந்த பிரஷ் விழுந்தது. "இத்தனை வருஷமா ஏண்டா சொல்லலே?"

"மாடு சொறியற கல்லைப் பத்தி எவன் கேட்டான்?"

"வாயைத் திறக்காதே. திறந்தா ஜனவரியிலேர்ந்து நீ ப்ளூவெனெஸ்காரன்."

ஜோப்பின் முகம் சுருங்கியது. எங்கள் புனிதர் சிலையை வர்ணம் பூசித் தருகிறோம் என்று வாங்கிப்போய், மூக்கில்லாமல் திருப்பித் தந்து, முதலிலிருந்தே மூக்கில்லை என்று சாதித்தவர்கள் அவர்கள். ஆனாலும் கல்லைப் பார்த்தபடி நின்றார்.

"எங்க தாத்தாவுக்கு இடுப்பு போனதே இதைத் தூக்கித்தான். அதைக் கொண்டுபோய் எவனோ ஆட்டுத்தோல் கட்டினவன் கணக்குல எழுதச் சொல்றியே."

"உங்க தாத்தா பேரை ஒரு தெருவுக்கு வெச்சிடறேன்."

"ஊர்ல இருக்கறதே ஒரு தெருதானேடா."

"அதுக்கே வெக்கிறேன், போ."

அதிகாரி மதாம் தெலோனே ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். கல்லை மூன்று முறை சுற்றினார். நடுவில் ஒரு பட்டை மட்டும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. விரலால் தடவினார்.

"இது எதனால?"

"பெண்கள், மதாம்," என்றார் மேயர். "பிள்ளை வரம் வேண்டி வயித்தைத் தேய்ப்பாங்க. பல நூறு வருஷமா."

"ரொம்ப வேண்டுதல்போல. ஊர்ல எத்தனை குழந்தைங்க?"

"பதினொண்ணு."

கல் இடுக்கிலிருந்து ஒரு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செந்நிறம், குட்டையாக, முரடாக.

"எங்க ஊர்ப் பெண்களுக்கு முடி இப்படித்தான், மதாம்," என்று சொல்லி மேயர் என்னைப் பார்த்தார். முப்பது வருடச் சம்பளத்தை நினைத்து நான் தொப்பியைக் கழற்றினேன். என் தலை முழுக்க நரை. மதாம் தெலோனே குறிப்பேட்டில் நிதானமாக ஏதோ எழுதினார்.

பிறகு ஜோப்பிடம் திரும்பினார். "நிலம் உங்களுதா? பெரியவங்க ஏதாவது சொல்லியிருக்காங்களா, இந்தக் கல்லைப் பத்தி?"

ஜோப் வாயைத் திறந்தார். மேயர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கனமான கல்லுன்னு சொல்வாங்க," என்றார் ஜோப்.

பால் கறக்கும் நேரம். மேட்டிலிருந்து மாடுகள் இறங்கின. முன்னால் செவலைப் பசு துஷெஸ், தினமும் போகிற இடத்துக்கு நேராக. ஜோப் கைகளை விரித்துக்கொண்டு ஓடினார்; அது அவரை வேலியில் சாய்த்துவிட்டுத் தாண்டி வந்தது. மேயர் பாய்ந்து கல்லில் முதுகைச் சாய்த்து, அதை மறைத்து நின்றார். துஷெஸ் ஒரு கணம் யோசித்தது. பிறகு கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, அவர் மேலேயே மேலும் கீழுமாகத் தேய்க்கத் தொடங்கியது. பேனாவை எடுத்த மதாம் தெலோனேயிடம், ஒவ்வொரு தேய்ப்புக்கும் உயர்ந்து தாழ்ந்த குரலில், இங்கே முழுநிலவன்று பலி கொடுத்த பழங்காலப் பூசாரிகளைப் பற்றி மேயர் விளக்கிக்கொண்டிருந்தார்.