முத்திரையை உடைத்த மாவு

கை கிடையாது, கால் கிடையாது, நகம்கூடக் கிடையாது. ஆனாலும் சமர்கந்து நீதிமன்றத்தின் அரக்கு முத்திரையை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது எங்கள் தெரு ரொட்டிக்கடை மாவு. வந்த வேகத்தில் எதிரே இருந்த முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து தாடி மழித்துக்கொள்ளக் காத்திருந்தது என்று சத்தியம் செய்ய நாற்பது பேர் இருக்கிறார்கள். முதலில் நம்பாதவர் ஒரே ஒருவர்தான்: முத்திரை வைத்த நீதிமன்ற அமீனா, துர்சுனோவ்.

கடை நுர்மத்துடையது. உயில் எழுதாமல் அவர் போய்ச் சேர்ந்தார். தந்தூர் அடுப்பில் முப்பது வருஷம் கைமயிர் பொசுங்க நின்றவள் நான், கடை எனக்கு என்றாள் மகள் ஹோசியத். சந்தையில் தொண்டை கிழியக் கூவி விற்றவன் நான், கடை எனக்கு என்றான் அவள் தம்பி மஹ்கம். மூன்று வருஷம் வழக்கு நடந்தது. இரண்டு வக்கீல்களுக்கும் இரட்டை நாடி விழுந்தது. இவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

நீதிபதி மவ்லுதா அம்மாளுக்கு அலுத்துப் போயிற்று. தீர்ப்பு வரும்வரை கடைக்கு முத்திரை. உள்ளே எதையும் தொடக் கூடாது. மீறுகிறவர் கடையை மறந்துவிடலாம் என்று உத்தரவு போட்டார்.

ஜூலை மாத வெயில். வாசலில் விட்ட சுத்தியல் உருகும் என்பார்கள், அப்படி. துர்சுனோவ் சாமான் பட்டியல் எடுத்தார். அதில் ‘பழைய மாவு, ஒரு பானை, நாற்றம்’ என்றும் எழுதினார். அந்த நாற்றம்தான் கடையின் உயிர். நுர்மத் வாலிபத்தில் புளிக்கவைத்த தாய்மாவு அது. அன்றாடம் அதற்குத் தீனி போடாவிட்டால் செத்துவிடும்.

முத்திரை வைக்கும் முன் துர்சுனோவ் டீ குடிக்கப் போனார். அவர் டீ குடித்தால் ஒரு சமோவார் காலியாகும். அந்த இடைவெளியில் மஹ்கம் உள்ளே நழுவினான். பானையில் பாதிதான் இருந்தது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. அத்தனையையும் மரப்பெட்டியில் கொட்டி, ஒரு மூட்டை மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து மூடிவிட்டு வந்தான். பத்து நாளைக்குத் தாங்கும் என்று கணக்கு. டீ முடித்து வந்த துர்சுனோவ் கதவைச் சாத்தி முத்திரை வைத்தார்.

மறுநாள் காலையில் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. முத்திரை இரண்டு துண்டு. வாசலெல்லாம் மாவு, வெயிலில் பொருக்குத் தட்டி. ஊரே கூடியது, நீதிபதியும் வந்தார்.

“விடியக்காலைல இந்தம்மா இங்க நின்னதை என் கண்ணால பாத்தேன். உடைச்சது இவங்கதான்” என்றார் துர்சுனோவ்.

“நான் பாக்கத்தான் வந்தேன். மாவு தானா வெளிய வந்துச்சு” என்றாள் ஹோசியத்.

“எங்க வீட்டு மாவு ஒருநாளும் வாசலுக்கு வந்ததில்லையே!” என்றார் துர்சுனோவ்.

“அது உங்களை மாதிரி, அண்ணே. எழுந்திருக்கவே அதுக்குச் சோம்பல்.”

நீதிபதி மஹ்கமைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கடை அவனுக்கு. வக்கீல் அவன் காலை மிதித்து அதைத்தான் சொன்னார். ஆனால் மஹ்கமின் கண் வாசலை அளந்துகொண்டிருந்தது. பெட்டி மாவு பொங்கினால் அடுப்புவரை வரும், அவ்வளவுதான். கதவைத் தள்ள இன்னொரு தொட்டியாவது வேண்டும். பாதிப் பானை! அப்படியானால் அக்காவும் தாய்மாவைச் சாகவிடவில்லை.

“அம்மா, தொடக் கூடாதுன்னு சொல்லியும் நான் தொட்டேன். பெட்டி நிறையப் பிசைஞ்சு வெச்சேன்” என்றான்.

ஹோசியத் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு இப்படி வந்தது: “பெட்டியிலயா? அடே மண்டு, நான் உனக்கு முன்னாடியே தொட்டில பிசைஞ்சு வெச்சிருந்தேண்டா!”

“கதவோரத் தொட்டியா? கூறு இருக்கா உனக்கு?”

“அம்மா, ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க” என்றார் துர்சுனோவ். “மாவு முத்திரையை உடைக்குமா? உடைச்சா என் மீசையை எடுத்துடறேன்.”

“இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க. உடைஞ்சா ரெண்டு பேரையும் மன்னிக்கிறேன். உடையலைன்னா ரெண்டு பேருக்கும் கடை இல்ல” என்றார் நீதிபதி.

பெட்டியின் அடியிலிருந்து தாய்மாவு வழித்தார்கள். தண்ணீர் ஜாஸ்தி என்றாள் அவள். கை மெதுவு என்றான் அவன். திட்டிக்கொண்டே பெட்டியையும் தொட்டியையும் நிரப்பினார்கள். துர்சுனோவ் புது முத்திரை வைத்தார். நம்பிக்கை போதாமல், முக்காலியைப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தும் கொண்டார். ஆள் நூற்றிருபது கிலோ, மீசை தனி.

பிற்பகலில் கதவு முனகியது. அப்புறம் புடைத்தது. முத்திரை பட்டென்று தெறிக்க, துர்சுனோவ் முக்காலியோடு தெருவில் வழுக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே மாவு வந்தது. முடிதிருத்துகிறவர் வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“இப்ப வழக்கை என்ன செய்யலாம்?” என்றார் நீதிபதி.

“மாவு வீணாகுதும்மா, அப்புறம் பேசலாம். டேய், அடுப்பைப் பத்த வைடா!” என்று ஹோசியத் உள்ளே ஓடினாள். மஹ்கம் அதற்கு முன்பே விறகை எடுத்திருந்தான்.

துர்சுனோவ் இடுப்புவரை மாவில் உட்கார்ந்தபடி பதிவேட்டைப் பிரித்தார். பேனாவைத் துடைத்தார். மீசையை ஒருமுறை ஆசையாகத் தடவினார்.

“எழுதிக்கிறேம்மா,” என்றார். “உடைச்சது மாவுதான். நானே பாத்தேன்.”