பூண்டுப் பாக்கெட்டில் ஒரு பெயர்

கருப்பம்மாள் கையெழுத்துப் போடக் கற்றது ஐம்பத்து மூன்றாம் வயதில். பகலெல்லாம் மலைக் கிராமமான பள்ளங்கியில் அழகுமலையின் பூண்டுக் காட்டில் களை வெட்டிவிட்டு முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் கண் சொருகும். ஆனாலும் ஒரு மழைக்காலம் முழுக்க விடாமல் போய், தன் பெயரை நடுங்காமல் எழுதப் பழகிக்கொண்டாள். வாசிப்பும் வந்தது. வழுக்குப் பாறையில் இறங்குகிற மாதிரி, எழுத்தெழுத்தாகக் கால் வைத்து.

அதற்கு முன்னால் கைநாட்டுதான். கைநாட்டுக்காரிக்கும் ஒரு மரியாதை உண்டென்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஆபீசானாலும் மைப்பெட்டியை நீட்டுமுன், காகிதத்தில் என்ன இருக்கிறதென்று யாராவது வாசித்துச் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போடுகிறவளுக்கு யாரும் வாசித்துச் சொல்வதில்லை.

மலைப்பூண்டைப் பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனிக்காரர்கள் தை மாதத்தில் வந்தார்கள். விளம்பரம் பார்க்கிற ராஜேஷ்குமார் கழுத்தில் கேமரா தொங்கியது. அழகுமலை சலவை வேட்டி கட்டித் தயாராக நின்றார். சாயம் போட்ட தலையையும் விரல் மோதிரத்தையும் பார்த்துவிட்டு, வாங்குகிற சனம் நம்பாது என்று ராஜேஷ்குமார் பக்குவமாகச் சொன்னான். நிலத்துக்காரர் விவசாயி மாதிரி இல்லை, கூலிக்காரி இருந்தாள். ஆனால் அவளும் இருந்த கோலத்திலேயே சரிப்படவில்லை. குல்லாவையும், சேலைக்கு மேலே போட்டிருந்த ஆம்பளைச் சட்டையையும் கழற்றச் சொன்னார்கள். புகைக் கொட்டகையில், விட்டத்தில் தொங்கும் பூண்டுக் கட்டுகளுக்கு அடியில் நிறுத்தினார்கள். குளிரில் பல் தெரிந்தது, படத்தில் சிரிப்பாக விழுந்தது. எடுத்து முடித்ததும் சட்டையை ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தவனும் ராஜேஷ்குமார்தான்.

பிறகு நாலு பக்க ஒப்பந்தக் காகிதம் வந்தது. பழக்கத்தில் அவன் மைப்பெட்டியைத் தேட, அவள் பேனா கேட்டாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாசித்தவள் போலவே தாளைப் புரட்டி, கடைசியில் வடிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

சித்திரையில் அய்யம்பாளையத்தில் அக்கா மகள் மணிமேகலைக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன கருப்பம்மாளின் கையில், மணிமேகலை பெருமையோடு ஒரு பாக்கெட்டைக் கொடுத்தாள். சித்தியின் முகம்.

"பிள்ளை பெத்த ஒடம்புக்குக் கண்ட பூண்டும் வேணாம், எங்க சித்தி பூண்டுதான் வேணும்னு சொல்லி வாங்கியாறச் சொன்னேன்" என்றாள்.

கருப்பம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக வாசித்தாள். 'கருப்பம்மாள் தோட்டத்துப் பூண்டு. மூன்று தலைமுறையாக எங்கள் நிலத்தில், மருந்தே படாமல் விளைவது.' அவளுக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. அந்த வெள்ளாமைக்கு நாலு தடவை மருந்து அடித்தார்கள். தண்ணீர் சுமந்து கலக்கிக் கொடுத்ததே அவள்தான். மருந்தடித்த பூண்டைத்தான் அவளும் தின்கிறாள், ஊரும் தின்கிறது. உறுத்தியது அதுவல்ல. அடிக்கவே இல்லை என்று அவள் சொன்னதாக அச்சில் இருந்ததும், அதை நம்பி ஒரு பச்சை உடம்புக்காரி தின்றுகொண்டிருந்ததும்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. மணிமேகலையின் சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

ஆனியில் ராஜேஷ்குமார் மறுபடி வந்தான். பாக்கெட் நன்றாக ஓடுகிறதாம்; இனி கருப்பம்மாள் வீடியோவில் பேச வேண்டும், அவன் வரி வரியாகச் சொல்வான், அவள் திருப்பிச் சொன்னால் போதுமாம். கம்பெனி பூண்டு எடுக்காவிட்டால் தனக்கு மட்டும் நட்டமில்லை, அவளுக்கும் சோலி இருக்காது என்று அழகுமலை முந்தின நாளே காதில் போட்டு வைத்திருந்தார்.

கருப்பம்மாள் தை மாதம் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, வரப்பில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை வெட்கப்படவில்லை. விரல் வைத்து, வாய்விட்டு, எழுத்துக் கூட்டினாள். வெளிச்சம் போகிறதே என்று கேமராக்காரன் நடையாய் நடந்தான். கீழிருந்து மஞ்சு ஏறி வந்து பாதிக் காட்டை மூடியது. மூன்றாம் வரியில், 'மருந்தே படாமல்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இத யாரு சொன்னா, தம்பி?"

"நீங்கதாம்மா. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"போட்டேன். வாசிக்காமப் போட்டது என் தப்பு. இப்ப வாசிச்சுட்டேன்."

ராஜேஷ்குமார் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பொறுமையாக விளக்கினான். இதைப் பொய் என்று சொல்லக்கூடாது, இதற்கு பிராண்ட் என்று பெயர். பட்டணத்தில் பூண்டுக்கா பஞ்சம்? ஒரு முகமும் அதற்கு ஒரு கதையும் இருந்தால்தான் கை நீளும். அவன் அதை நம்பியே சொன்னான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"கதைய நீங்க சொல்லுங்க, வேணாங்கல" என்றாள். "மூஞ்சியக் கூட வச்சுக்கங்க, அது ஆத்தா அப்பன் குடுத்தது. பேரு அப்படி இல்ல. ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கத்தோட மல்லுக்கட்டி நான் எழுதிப் படிச்சது. அத எடுத்துருங்க."

"நாலெழுத்து வந்ததும் தெனாவட்டப் பாத்தியளா" என்றார் அழகுமலை, பொதுவாக எல்லோரையும் பார்த்து.

வீடியோ எடுக்காமலே வண்டி திரும்பியது. மறுநாள் கருப்பம்மாள் வழக்கத்தைவிட வெள்ளனே காட்டுக்குப் போய் நின்றாள். அழகுமலை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. களை மண்டிக் கிடந்தது; ஆள் தட்டுப்பாடு. அவள் பாட்டுக்குக் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள்.

ஆவணியில் மணிமேகலை போன் செய்தாள். "சித்தி, புதுப் பாக்கெட்டுல ஒங்க மூஞ்சியப் போட்டுத் தேவசேனான்னு எழுதியிருக்கான். மருந்து படாததுங்கிறது மட்டும் அப்படியே கெடக்கு."

கருப்பம்மாள் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். பேரைத்தான் மீட்டிருக்கிறாள். முகம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, அவளே கொடுத்தது. அய்யம்பாளையத்தில் விழுங்கியதை இப்போது ஒன்றொன்றாகச் சொன்னாள்: நாலு தடவை மருந்து, கலக்கிய கை யாருடையது, அன்றைக்கே வாயைத் திறக்காதது.

"அப்ப இந்தத் தேவசேனா யாரு சித்தி?" என்றாள் மணிமேகலை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"எனக்கும் தெரியாதுத்தா. ஆனா பூண்டு எங்க காட்டுப் பூண்டுதான். வேணும்னா வாங்கு. அவ சொல்றத நம்பி வாங்காத."