ஒரு வாட், ஒரு பாட்டில்

ஓஸ்வின் சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவன் பிறவிக் குணம்.

வின்ட்வர்ட் கரையில் மீன்கூடு போடும் இஸ்மே மேல் அவன் புகார் கொடுத்தான். படகு ரேடியோவில், ஆபத்தில் இருப்பவன் கூப்பிட வேண்டிய பதினாறாம் சேனலில், சங்குக்கறியை எப்படி வேகவைப்பது என்று கால் மணி நேரம் தோழி வெர்லினுக்குப் பாடம் நடத்தினாளாம். நடத்தினாள்தான், இல்லையென்று யார் சொன்னது? கரியாகு தீவில் யார் நடத்தவில்லை? ஒருத்தர் பதினாறில் கூப்பிட்டு 'அறுபத்தெட்டாம் சேனலுக்கு வா' என்று சொல்லி முடிப்பதற்குள், பாதித் தீவு அங்கே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் முதல் ஆள் ஓஸ்வின்.

துறைமுக அதிகாரி இஸ்மேயைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் ரேடியோவைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டி, விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றையும் கையில் திணித்து அனுப்பினார். அவள் இருந்த எரிச்சலில் அதை அடுப்பில் போட்டிருப்பாள். போடாமல் படித்ததுதான் ஓஸ்வினின் கெட்ட நேரம்.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. மூன்று வாரமாக அவள் மீன்கூடுகள் காலி. கதவுக் கம்பி அவள் முறுக்காத முறுக்கில் முறுக்கிக் கிடந்தது. மீன் தானே கதவைத் திறந்து, போகிறபோது கம்பியையும் முறுக்கிவிட்டா போகும்? இது ஓஸ்வின் வேலைதான் என்று அண்ணன் ஆல்பனிடம் சொன்னாள். அவன் கேட்டால்தானே. படகு அப்பா விட்டுப்போனது, ஆறு வருடமாகப் பலகை மாற்றி, சாயம் பூசி ஓட்டுகிறவள் இவள். ஆனால் பத்திரம் அவன் பெயரில். கூடு போடத் தெரியாதவளுக்குப் படகு எதற்கு என்று ஓஸ்வின் அவன் காதில் ஓதியிருந்தான். சனிக்கிழமையும் கூடு காலியாக வந்தால் படகை ஓஸ்வினுக்குக் கொடுத்துவிடுவதாக ஆல்பன் சொல்லிவிட்டான். அந்தப் படகு போனால் அவளுக்குக் கடலே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, கரையில் புதுப் படகு ஒன்றைக் கடலில் இறக்கும் விழா. ஊரே கயிறு பிடித்து இழுக்க வந்திருந்தது. கடலில் ஒரு ஈ காக்கை இல்லை. ஓஸ்வின் மட்டும் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், டிரெல் வளைகுடாவில் வலை இழுக்கப் போவதாக முந்தின நாளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

இஸ்மே ஒரு பாட்டில் ஜாக் அயர்ன் ரம்மை ஆல்பன் கையில் கொடுத்து, படகுத்துறையில் நிற்கச் சொன்னாள். ஐஸ் கட்டியைப் போட்டால் அடியில் போய் உட்காரும், அவ்வளவு காட்டமான சரக்கு அது. யார் முதலில் வந்து கேட்டாலும் கொடுத்துவிடு, எங்கே கேள்விப்பட்டாய் என்று மட்டும் விசாரி என்றாள். பிறகு வெர்லினை ஒரு படகில் உட்காரவைத்து, தான் இன்னொன்றில் ஏறினாள். கரையில் நின்று ரேடியோவில் பேசுவது குற்றம் என்கிறது புத்தகம். இரண்டு படகுக்கும் நடுவே பத்து முழம்கூட இல்லை. வெர்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடியே, இங்கருந்து தும்முனாலே கேக்குமே. இதுக்கு ரேடியோ எதுக்கு?"

"பக்கத்துல இருந்தா ஒரு வாட்ல பேசணுமாம். பேசுவோம்."

ஒரு வாட் என்றால் ரேடியோவின் மிகக் குறைந்த சக்தி, அதற்கு மலை ஏறிக் குதிக்கத் தெம்பு கிடையாது. இந்த வளைகுடாவைத் தாண்டி அது ஒருவர் காதிலும் விழாது. இஸ்மே பதினாறில் படகின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அறுபத்தெட்டுக்கு மாறி, வின்ட்வர்ட் துறையில் அண்ணனிடம் முதலில் வந்து கேட்பவருக்கு ஒரு முழு பாட்டில் ஜாக் அயர்ன் சும்மா கிடைக்கும் என்று பள்ளிப்பிள்ளை மாதிரி தெளிவாகச் சொன்னாள். அதில் ஒரு சொல் பொய்யில்லை. ரேடியோவில் பொய் சொல்வதும் குற்றமாம்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. முனைப் பாறைக்குப் பின்னாலிருந்து ஓஸ்வினின் படகு நுரை தள்ளிக்கொண்டு வந்தது. ரம் என்றால் பிணமும் வாய் திறக்கும். ஓஸ்வினுக்குச் சொல்லவா வேண்டும்? கயிற்றைக்கூடக் கட்டாமல் துறையில் தாவி ஏறி, ஆல்பன் முன் கை நீட்டினான்.

"பாட்டிலக் குடு. நான்தானே மொதல்ல?"

"நீதான். யாரு சொன்னா ஒனக்கு?"

"இப்பத்தான் இஸ்மே ரேடியோல சொன்னாளே. என் காதால கேட்டேன்."

ஆல்பன் பதினெட்டு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். தங்கையின் கையிலிருந்த ரேடியோவை எட்டிப் பார்த்தான். திரையில் ஒரு வாட் என்றிருந்தது. டிரெல் வளைகுடாவிலிருந்து தீவைச் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நேரே ஓஸ்வினின் படகில் இறங்கித் தார்ப்பாயைத் தூக்கினான். கிளிமீனும் சங்கராவும் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. ஓரத்தில், இஸ்மே தன் கூடுகளுக்குக் கட்டும் நீலச் சாயம் அடித்த மிதவை ஒன்று.

கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஊர், கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தது. ஓஸ்வின் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விழித்தான். இஸ்மே பாட்டிலை வாங்கி அவன் கையில் வைத்தாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஆல்பன் மீனையெல்லாம் தங்கையின் படகுக்கு மாற்றினான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி விடு, படக நீயே வச்சுக்க."

"நான் எப்ப ஒன்கிட்ட குடுத்தேன், நீ 'வச்சுக்க'ன்னு சொல்ல?" என்றாள் இஸ்மே.